யூஜினா ஊதிய முகம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி ஹபீலா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும். வெள்ளவத்தையில் ஒரு பிரின்டிங் கடையை அவள் ஒரு கிழமை நடத்திப் பார்க்கட்டும், பிறகு கதைப்போம். நகத்தளவு போட்டோவை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதைக் கதவளவுக்கு அடித்துத் தா என்பார்கள். அடித்துக் கொடுத்தால், ஏன் மூக்கு கட்டம் கட்டமாக இருக்கிறது என்று என்னிடமே கேட்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆசை மட்டும் உண்டு. நிறம் எடுப்பாக இருக்க வேண்டும். வானம் நீலமென்றால் கண் கூசுகிற நீலமாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கடைக்குள் ஒருநாள் ஒரு பெண் வந்து, கன்வஸ் துணியில் ஒரு முகத்தை அடித்துத் தரச் சொன்னாள். அடித்தேன். அருமையான பிரின்ட். நானே கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வடிவாத்தான் இருக்கு நானா. ஆனா இவ்வளவு வேண்டாம். வெளிறலா அடிச்சுத் தாங்கோ. மழையில நனைஞ்சு வெயில்ல காய்ஞ்ச மாதிரி."

"மழையில நனைஞ்சாலும் போகாத மையைத் தேடித் தேடி வாங்கி வெச்சீக்கிறேன். நீங்க என்ன செல்றீங்க?"

"மிச்ச நிறத்தை நான் போடுவன்," என்றாள். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

அவள்தான் யூஜினா. கொட்டாஞ்சேனைக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நானா என்றால் எங்களுக்கு அண்ணன், ஸாலிஹ் நானா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது எனக்குத் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கழுத்தில் எப்போதும் ஒரு முகக்கவசம் தொங்கும். எந்த நிறம் வேலையில் இருக்கிறதோ அந்த நிறம் நகக்கண்ணில் இருக்கும். இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வருவாள். கொட்டாஞ்சேனையில் பிரின்டிங் கடை இல்லையா என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டேன். இருக்கிறது, ஆனால் அவர்கள் வெளிறலாக அடிக்க மாட்டோம், கடைப் பெயர் கெட்டுவிடும் என்றார்களாம். அப்படியானால் என் கடைக்குக் கெட்டுப்போக ஒரு பெயர்கூட இல்லை என்றுதானே அர்த்தம்!

அவள் கையில் எயார்பிரஷ் முதலில் ஏறியது ஒரு கேக் கடையில். பேனா மாதிரி ஒரு கருவி, அதிலிருந்து காற்றைத் தள்ளும் கொம்பிரஷருக்கு ஒரு குழாய். விரலால் அமத்தினால் நிறம் பனிப்புகை மாதிரி வெளியே வரும். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பள்ளிக்கூடம் முடிந்ததும் யூஜினா பக்கத்துக் கேக் கடையில் அலங்கார வேலைக்குச் சேர்ந்தாள். ரோசாப்பூவுக்கும் இலைக்கும் நிறம் ஊதுவது அவள் பொறுப்பு. அப்போதுதான் பிறந்தநாள் கேக்கில் பிள்ளையின் போட்டோவைப் போடும் மோகம் வந்தது. சாப்பிடக்கூடிய மையில், சீனித் தாளில், முகத்தை அடித்து மேலே ஒட்டுவார்கள். அது முத்திரை ஒட்டின மாதிரி இருந்தது என்கிறாள் யூஜினா. அவளுக்குப் பொறுக்கவில்லை. தாளின் ஓரம் தெரியாமல் கன்னத்திலிருந்து வெளியே நிறத்தை ஊதினாள். படத்து முடியை நிறத்தாலேயே ஐசிங் வரை நீட்டிவிட்டாள். கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு நிழல் போட்டாள். பிள்ளை கேக்குக்குள்ளிருந்து எழும்பிப் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது.

வந்தது வினை. ஒருவருக்கும் கேக்கை வெட்ட மனம் வரவில்லை. ஒரு தாய் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாளாம். இன்னொரு வீட்டில் கேக்கை அப்படியே அலுமாரிக்கு மேல் வைத்து எறும்புக்குக் கொடுத்தார்கள். "கேக் சாப்பிடுறதுக்கு, கும்பிடுறதுக்கில்லை," என்று முதலாளி வெடித்தார். யூஜினா சண்டை போடவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு, அதே கருவியோடு ஹெல்மெட்டுக்கும் திரீவீலர் முதுகுக்கும் போனாள். அங்கிருந்து கன்வஸுக்கு வந்தாள். அச்சடித்த முகத்துக்கு மேல் ஊதிய நிறத்தைச் சேர்ப்பது எப்படி என்று அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, கேக்கிலே படித்தாள்.

அவள் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போட்டோவை டெப்லட்டில் போட்டுப் பெரிதாக்குவாள். நிழல் எது, வெளிச்சம் எது என்று பிரித்துத் திருத்துவாள். அங்கே பிழை விட்டால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், பழையபடி வந்துவிடும். அந்த முகத்தை நான் கன்வஸில் வெளிறலாக அடித்துக் கொடுப்பேன். கண், மூக்கு, தாடை என்று ஓரங்களை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் என் மெஷின் அதே அளவில் வெட்டிக் கொடுக்கும். வீட்டுக்குப் போய் அந்தத் தாள்களை வைத்து ஒரு பக்கத்தை மறைத்து, மறைக்காத பக்கத்தில் நிறத்தை ஊதுவாள். தண்ணீர் மாதிரி மெல்லிய நிறம். ஒரு தரம் ஊதினால் ஊதினதே தெரியாது. காயவிட்டு மறுபடி ஊதுவாள், மறுபடி காயவிடுவாள். இங்கே திரும்பி வரும் வழி கிடையாது. கூடிப்போனால் கூடினதுதான்.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் பிரின்டைக் கொடுக்கப் போன இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் அடித்துக் கொடுத்த கன்னம் படத்தில் இருக்கிற கன்னம். அவள் ஊதி முடித்த கன்னம், தொட்டால் சுடும் போல இருந்தது. யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஹபீலாவிடம் அரை மணித்தியாலம் அதையே கதைத்தேன். நான் ஒரு ஆளைத் திட்டாமல் அவ்வளவு நேரம் கதைத்தது அவளுக்கே ஆச்சரியம்.

இப்போது றேமண்டின் கதைக்கு வருகிறேன்.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இரண்டு கதிரைச் சலூன் ஒன்று இருக்கிறது. ஸ்ரான்லி, றேமண்ட் என்ற அண்ணன் தம்பி நடத்தியது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு கதிரையில் அண்ணன், மறு கதிரையில் தம்பி. யூஜினாவின் மகனுக்கு முதல் முடி வெட்டியதே ஸ்ரான்லிதான். கொஞ்சம் குறும்பான மனிதராம். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகிற சிரிப்பு. ஒரு புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வெட்டு. அந்தப் புருவத்தைத் தூக்கினால் பால் விடாத பிளேன்ரீக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். தம்பி தலையாட்டுவார், ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடைக்குக் குரல் போகும், ஒன்றுக்குச் சீனி வேண்டாம் என்று. சீனி இல்லாதது ஸ்ரான்லிக்கு, அவருக்குச் சலரோகம். போன வருடம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செத்து ஒரு வருஷம் ஆகும் நாளில் தேவாலயத்தில் வைக்கிற வருஷப் பூசைக்கு ஒரு மாதம் இருக்கையில் றேமண்ட் யூஜினாவின் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். நல்ல உயரமான மனிதர், உடைந்து போயிருந்தார்.

"அண்ணை போன பிறகு கை ஓடுதில்லை பிள்ளை," என்றார். "கத்தியைத் துடைச்சுப்போட்டு நிமிர்ந்தா அவர் இல்லை. அப்பிடியே நிண்டிடுவன். போன மாசம் ஒரு ஆளின்ர கன்னத்தைக் கீறிப்போட்டன். இவ்வளவு காலத்தில அப்பிடி ஒருக்காலும் நடந்ததில்லை."

"உங்கட மகள் என்ன சொல்லுறா அங்கிள்?"

"லவினா கடையைக் குடுத்துப்போட்டு நீர்கொழும்புக்கு வரச் சொல்லுறாள். போன் கடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வருஷப் பூசையோட முடிவு சொல்லுறன் எண்டிட்டன். அண்ணையின்ர முகம் கடையில இருந்தா நான் நிப்பன் பிள்ளை. இல்லாட்டி சாவியைக் குடுக்கிறன். கண்ணாடிக்கு மேல ஆணியும் அடிச்சு வச்சிட்டன்."

கத்தி பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், மகள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார்? யூஜினாவுக்கும் அது விளங்கியது. கையிலிருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தாள்.

நல்ல போட்டோ கிடைத்தது. யாரோ ஒரு சொந்தக்காரரின் கலியாணத்தில், ஸ்ரான்லி நேராகப் பார்த்துச் சிரிக்கிற படம். நான் வெளிறலாக அடித்தேன், அவள் ஊதினாள். முடிந்த அன்று ஸ்ரான்லியின் மனைவி ஐறீன் வந்து பார்த்தா. படத்தின் கன்னத்துக்குப் பக்கத்தில், தொடாமல், கையை வைத்துக்கொண்டே நின்றா. "இது அவர்தான்," என்றா கடைசியில். ஒழுங்கையில் இருந்த எல்லோரும் வந்து அதையே சொன்னார்கள்.

றேமண்ட் வந்தார். பார்த்தார். முகம் ஆசையோடு வந்த மாதிரியே இருந்தது, பிறகு மெல்ல மெல்ல இறங்கிப் போனது.

"நல்லாச் செய்திருக்கிறீர் பிள்ளை. ஆனா அண்ணை இல்லை."

"எந்த இடம் அங்கிள்? கண்ணா, வாயா?"

"தெரியேல்லை. எல்லாம் சரி. ஆனா என்னோட கோவிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு. சிரிக்கிறார், எனக்குச் சிரிக்கேல்லை."

எனக்கு விசர் பிடித்தது. யூஜினா டெப்லட்டைத் திறந்தாள். சிரிப்பைக் கொஞ்சம் இளக்கினாள், கண்ணைத் திருத்தினாள், புருவ வெட்டை மெலிதாக்கினாள். நான் மறுபடி வெளிறலாக அடித்தேன், மறுபடி தாள் வெட்டினேன், அவள் மறுபடி ஊதினாள். றேமண்ட் வந்து பார்த்து, இதுவும் இல்லை என்றார். ஐறீனும் வந்து பார்த்து, இது அவர் இல்லை என்றுவிட்டா! முதல் படத்தை ஏற்க ஐறீனாவது இருந்தா, இரண்டாவதுக்கு அதுவும் போயிற்று.

"ஸ்ரான்லியே எழும்பி வந்தாலும் அந்த மனிசன் இல்லையெண்டுதான் செல்லுவார்!" என்று கத்தினேன். "மவுத்தாகி மண்ணுக்குள்ள போன ஆள திருப்பித் தா எண்டு கேக்கிறார். அது ஒங்கட வேலையில்ல யூஜினா. விடுங்க."

அவள் எனக்குக் கோபமாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

"நானா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்த மனுசன் அவர். அவர் இல்லை எண்டா எங்கயோ பிழை இருக்கு. எனக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

எத்தனை பேர் என் கடையில் வாடிக்கையாளரின் கண்ணைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள், நான் உட்பட. இவள் மட்டும் தன் கையைச் சந்தேகித்தாள்.

பூசைக்கு முந்திய வியாழக்கிழமை என்னை வான் வண்டியோடு வரச் சொன்னாள். முதல் படத்தைக் கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துப் பார்க்க வேண்டுமாம். அங்கே டியூப் லைட், வீட்டில் ஜன்னல் வெளிச்சம். நிறம் அதனால் மாறித் தெரிகிறதோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

போனோம். ஒரு சுவர் முழுக்க நீளமான ஒரே கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு கதிரை. எதிர்ச் சுவரோரம் ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்கிற நீட்டு வாங்கு, அதற்கு மேல் அந்தோனியார் படமும் ஒரு கலண்டரும். றேமண்ட் ஒரு ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். மற்றக் கதிரை துடைத்துச் சுத்தமாக இருந்தது, காத்திருந்த ஒரு வாடிக்கையாளர்கூட அதில் உட்காரவில்லை.

"இருங்கோ, இவரை முடிச்சிட்டு வாறன்," என்றார் திரும்பாமல்.

நான் வாங்குப் பக்கம் நின்று கன்வஸைப் பிடித்துக்கொண்டேன். யூஜினா சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டு, தள்ளி நின்று வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். றேமண்ட் கத்தியைத் துடைத்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

கத்தி அந்தரத்தில் நின்றது.

"அண்ணை," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல்தான். கதிரையில் இருந்தவர் நுரைக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து, கத்தியைப் பார்த்துவிட்டு மூச்சு விடவில்லை. றேமண்ட் சட்டென்று திரும்பி என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"என்ன, வெளயாடுறீங்களா..." என்று நான் தொடங்க, யூஜினா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவள் போய் றேமண்டுக்குப் பக்கத்தில், வெறும் கதிரைக்குப் பின்னால், ஸ்ரான்லி நிற்கிற இடத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அங்கிள்! நீங்க ரெண்டு பேரும் இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தானே நிண்டனீங்க! கதைச்சது, சிரிச்சது, பிளேன்ரீக்குப் புருவம் தூக்கினது எல்லாம் இதுக்குள்ளதானே. அவரை நேரா எப்ப திரும்பிப் பார்த்தனீங்க?"

றேமண்ட் யோசித்தார்.

"கத்தி கையில இருக்கேக்க தலையைத் திருப்பக்கூடாது எண்டு அண்ணைதான் பழக்கினவர்," என்றார்.

எனக்கு அப்போதுதான் தலைக்குள் வெளிச்சம் வந்தது. போட்டோவில் எந்தப் பக்கப் புருவத்தில் வெட்டோ, கண்ணாடியில் அது மற்றப் பக்கம். சிரிப்பு ஏறுகிற பக்கமும் அப்படியே மாறும். ஐறீன் வீட்டில் நேரே பார்த்த மனிதன் ஒருவர், றேமண்ட் கடையில் கண்ணாடிக்குள் பார்த்த மனிதன் இன்னொருவர். டீசேர்ட்டில் சூடு போட்டு ஒட்டுகிற தாளில் எல்லாவற்றையும் நான் இடம் வலமாகத் திருப்பித்தான் அடிக்கிறேன். எழுத்தென்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். முகத்தில் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்லும்வரை என் மூளைக்கு எட்டவில்லை.

"கவலைப்படாதேங்கோ," என்றாள் யூஜினா. "வெட்டின தாளெல்லாம் வீட்டில பத்திரமா இருக்கு. மறுபக்கம் திருப்பி வச்சு ஊதினாச் சரி. ஸாலிஹ் நானா முகத்தைத் திருப்பி அடிச்சுத் தருவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் கண்ணாடிக்கு மேல கொழுவலாம்."

அடித்துத் தருவேன் என்று நானும் தலையாட்டினேன். என்னைக் கேட்காமல் எனக்கு வேலை வைத்தால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஆசையாக இருந்தது.

றேமண்ட் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "வேண்டாம் பிள்ளை. இதுவே இருக்கட்டும். மேல வேண்டாம், பின் சுவரில கொழுவுவம். அண்ணி வந்து நேரா பார்த்தா அவவின்ர மனுசன் இருக்கவேணும். நான் கண்ணாடிக்குள்ள பார்த்துக்கொள்ளுறன்."

யூஜினா முகக்கவசத்தை எடுத்து மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே ஊதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அழுகை வந்தது தெரியக்கூடாது என்று செய்தாள், எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு நான் வாங்கில் ஏறிப் படத்தைச் சுவரோடு பிடித்தேன். றேமண்ட் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் பார்த்து உத்தரவு போட்டார். "வலப்பக்கம். கொஞ்சம். ஐயோ, மற்ற வலப்பக்கம்!" எது வலம் எது இடம் என்று அந்த மனிதருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கை கடுத்தது. நுரையோடு இருந்தவரும் சேர்ந்து வழி சொல்லத் தொடங்கிவிட்டார். ஸ்ரான்லி தன் கதிரைக்குப் பின்னால், தான் நிற்கிற உயரத்தில் வந்து நின்றதும் "பொறுங்கோ!" என்றார் றேமண்ட். யூஜினா பென்சிலால் அடையாளம் போட்டாள். அந்தோனியாரைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு யார் வந்து ஒரு முகம் கேட்டாலும், யூஜினா போட்டோவை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறாள். அந்த முகத்தை நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? சிலர் சிரிக்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, திரீவீலரின் பின் சீட்டிலிருந்து என்கிறார்கள், அடுப்படியில் பக்கத்தில் நின்று என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் டெப்லட்டைத் திறப்பாள். இந்த நகரத்தில் பெரிய பெரிய ஓவியக்காரர்கள் இருக்கலாம். இப்படிக் கேட்கத் தெரிந்தவர் வேறு ஒருவர் இருந்தால் காட்டுங்கள், நான் கடையை மூடிவிடுகிறேன்.

அன்றைக்கு ஆணி அடித்து முடிந்ததும், றேமண்ட் நுரை காய்ந்து போனவரின் மற்றக் கன்னத்தை முடித்து அனுப்பினார். ஒரு கீறல் விழவில்லை. அடுத்தவர் எழும்பி வந்தார். வழக்கம் போலத் தம்பியின் கதிரைக்கு.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. நேரே போய் ஸ்ரான்லியின் கதிரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் தாடியக் கொஞ்சம் ஒதுக்கோணும். இந்தப் பக்கம் வாங்க."

றேமண்ட் என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேல் கண்ணாடியில் தெரிந்த அண்ணனைப் பார்த்தார். ஒரு துணியை உதறி வந்து என் கழுத்தில் கட்டினார். கண்ணாடிக்குள் பார்த்தபடி ஒரு புருவத்தை மெல்லத் தூக்கினார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு வாசல் பக்கம் தேத்தண்ணிக் கடைப் பையனுக்கு, சிங்களத்தில் தம்பி என்று, குரல் கொடுத்தார்.

"மல்லி, எல்லாருக்கும் பிளேன்ரீ! ஒண்டுக்குச் சீனி வேண்டாம்!"

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். தட்டத்தில் ஒன்று மிஞ்சியது. றேமண்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சீனி குறைந்தாலே சண்டை வரும், ஹபீலாவைக் கேளுங்கள். சீனி இல்லாத அந்தப் பிளேன்ரீயை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.